கர்ட்டன் தொட்டி

டிக்ஸி வீதியில், விமானங்கள்
கூரையை உரசுவதுபோல் இறங்குகிற இடத்தில்
ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம்.
காலை ஆறு மணிக்குப் பட்டை ஓடத் தொடங்கும்.

ஒரு துணிக்கு மூன்று விநாடி.
முதலாவது கைக்கு.
பருத்தியா பொலியெஸ்ரரா என்று
கண்ணைக் கேட்பதில்லை, பெருவிரல் சொல்லிவிடும்.
இரண்டாவது அக்குளுக்கும் கொலருக்கும்.
உடுத்தவர் மறைத்தாலும் அவை இரண்டும் மறைக்காது.
மூன்றாவது, எறிய.

முப்பத்தெட்டுத் தொட்டிகள்.
கறையில்லாத ரீ-சேர்ட் லோமேக்கு,
முழங்கால் கிழியாத ஜீன்ஸ் நைரோபிக்கு.
கம்பளி பானிப்பட்டுக்குப் போகிறது,
அங்கே கீறி மறுபடி நூலாக்குவார்களாம்.
எதற்கும் ஆகாத பருத்தி மட்டும் கடல் தாண்டாது.
பொத்தான் வெட்டி, சிப் வெட்டி,
ஹமில்ரனில் ஏதோ ஒரு கராஜில் எண்ணெய் துடைக்கும்.
கந்தை என்பது இங்கே வசவில்லை,
ஒரு தரத்தின் பெயர்.
கிலோ நாற்பது சதம்.

ஜனவரியில்தான் எங்களுக்கு அறுவடை.
ஊரே தன் அலுமாரியை வெறுக்கும் மாதம்.
விலைத்துண்டு கழற்றாத சட்டைகள் வரும்,
ஒற்றைச் சப்பாத்து வரும்,
அதன் சோடி மூன்று நாள் கழித்து
வேறு பையில் வரும்.
அபேபா ஒரு கோட்டுப் பொக்கற்றில் பல்செட் எடுத்தாள்.
குல்விந்தருக்கு இருபது டொலர்,
மேலே கமரா, ஒப்படைத்துவிட்டாள்.
எனக்கு எப்போதும் மூக்குத் துடைத்த தாள்தான்.

சீலைக்கு இங்கே தொட்டி இல்லை.
கை இல்லை, கழுத்து இல்லை,
அளவு எழுதிய துண்டு இல்லை,
ஆறு யார் நீளத்துக்கு எங்கு பார்த்தாலும் துணி.
முதல் வாரம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.
"கர்ட்டன்!" என்று மேடையிலிருந்து கத்தினாள் ட்ரேசி.
அன்றிலிருந்து கர்ட்டன்.
நாலு வருடத்தில் எத்தனை ஜன்னலுக்கு அனுப்பினேனோ
எனக்குக் கணக்கில்லை, கவலையும் இல்லை.

நேற்றுப் பத்தேகாலுக்கு ஒரு மஞ்சள் சீலை.
அரக்குக் கரை. எறியக் கை ஓங்கினேன்,
ஊசி குத்தியது.
மடிப்புக்குள் அதன் பிளவுஸ்.

உட்புறம் திருப்பினால் பக்கத் தையல்.
முதற் கோடு மெசின் கோடு, நேரானது, கலியாணத்துக்குத் தைத்தது.
அதைப் பிரித்து வெளியே அரை அங்குலம்.
அதையும் பிரித்து இன்னும் அரை அங்குலம்,
தையல்காரி விட்டுவைத்த துணி முடியுமட்டும்.
பிறகு,
முதற் கோட்டுக்கும் உள்ளே,
இரண்டு விரல் உள்ளே,
நீல நூலில், கையால், கோணலாக ஒரு தையல்.

மணப்பெண்ணாய் இருந்ததைவிட மெலிந்த ஒரு நாளில்
இதை உடுத்துப் போக அவளுக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது.
மஞ்சள் நூல் தேட நேரம் இருக்கவில்லை.

பதினொரு விநாடி.
அதற்குள் மூன்று கோட்டும் ஒரு குழந்தைப் போர்வையும்
என்னைக் கடந்துபோய் மர்லீன் முன்னால் குவிந்தன.
"என்ன, யாராவது செத்துப் போச்சா?" என்றாள் பகிடியாய்.
தெரியாது என்றேன்.

சீலை கர்ட்டனுக்கு.
பிளவுஸின் உட்துணி பருத்தி, ஆகவே கந்தை.
கொக்கிகளை வெட்டினேன்.
நீல நூலை வெட்டவில்லை,
வெட்டச் சொல்லி விதியும் இல்லை.

இரண்டரைக்கு வாசலில் பைச் சோதனை.
பனி சகதியாகிக் கிடந்தது.
பஸ்ஸில் முன் இருக்கைப் பெண்ணின் கோட்டில்
துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
தொடாமலே தெரிந்தது: பொலியெஸ்ரர், எழுபது வீதம்,
முழங்கையில் நூல் எழும்பிவிட்டது, இரண்டாம் தரம், லோமே.

மூன்று விநாடி முடிந்தது.
நாலாவதிலும் அவள் அங்கேயே இருந்தாள்,
ரெலிபோனில் யாருக்கோ சோறு வைக்கச் சொல்லிக்கொண்டு,
ஈரக் கையுறையை மடியில் பிழிந்துகொண்டு.

டெரி வீதியில் இறங்கிப் போனாள்.